சுவர் ஒரு பக்கம், ஓட்டம் மறுபக்கம்: ஒடுங்கிய இடைவெளியில் திரவப் படிகத்தை ஓடவிட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நெமாட்டிக் திரவப் படிகத்தை (ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் திரவம்) வைத்து மெல்லத் தள்ளினால் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் திரும்பும்? எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில் கேட்டால் "ஓட்டத்தின் திசையில்" என்று பட்டென்று பதில் வரும். அது பாதி சரி. மெதுவாகத் தள்ளினால் அவை ஓட்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை, சுவர் சொன்னபடி நிற்கும். கொஞ்சம் வேகம் கூட்டினால் வில்லாக வளையும். இன்னும் கூட்டினால் ஒரு கட்டத்தில் மொத்த அமைப்பும் சட்டென்று வேறொன்றாக மாறும். அப்போதுகூட மூலக்கூறு ஓட்டத்தோடு நேர்க்கோட்டில் படுப்பதில்லை, சில டிகிரி சாய்ந்துதான் இருக்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். வேலூரில் எந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையிலும் செய்துவிடலாம். உயிரியல் துறையிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப், செத்துப்போன ஒரு எல்சிடி மானிட்டர், மெடிக்கல் கடையில் வாங்கிய டிரிப் செட், 5சிபி என்ற திரவப் படிகம் கொஞ்சம். இந்த நான்கும் இருந்தால் போதும். ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.

முதலில், யார் யாரோடு மல்லுக்கட்டுகிறார்கள்

நெமாட்டிக் நிலையில் மூலக்கூறுகள் திரவம்போல இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்து நிற்கும். அந்தச் சராசரித் திசையைத்தான் டைரக்டர் என்கிறோம். ஒடுங்கிய இடைவெளியில் இந்த டைரக்டர் மீது மூன்று திருப்பு விசைகள் வேலை செய்கின்றன. சுவர் தன் பக்கத்து மூலக்கூறை ஒரு திசையில் பிடித்து வைக்கிறது. மீள்மை, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும் என்று சுவரின் சொல்லை உள்ளே வரை கொண்டுபோகிறது. மூன்றாவது ஓட்டம். சுவரருகே வேகம் பூஜ்யம், நடுவில் அதிகம். இந்தத் திசைவேகச் சரிவுதான் மூலக்கூறைத் திருப்புகிறது. வேகம் மட்டும் இருந்து சரிவு இல்லாவிட்டால் திருப்பமும் இல்லை.

திருப்பும் அளவைச் சொல்ல லெஸ்லி 1960களில் ஆறு குணகங்களைக் கொண்டுவந்தார். எரிக்சன் போட்ட அடித்தளத்தின் மேல் கட்டிய கோட்பாடு அது. 1970இல் பரோடி அவற்றுக்கிடையே ஒரு தொடர்பைக் காட்டியதால் உண்மையில் தனித்தனியானவை ஐந்துதான். நமக்கு இரண்டு போதும். ஆல்ஃபா 2 என்பது ஓட்டத்துக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கும் மூலக்கூறை ஓட்டம் எவ்வளவு பலமாகச் சாய்க்கிறது என்பது. ஆல்ஃபா 3 என்பது ஓட்டத்தோடு படுத்திருக்கும் மூலக்கூறை அது எவ்வளவு திருப்புகிறது என்பது. 5சிபிக்கு 25 டிகிரி வாக்கில் முதலாவது சுமார் −0.08 பாஸ்கல் நொடி, இரண்டாவது −0.004க்குப் பக்கம். இரண்டும் ஒரே குறி என்பதால் நடுவில் ஒரு கோணத்தில் இரண்டும் சமனாகிவிடும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் வர்க்கம் இவ்விரண்டின் விகிதம். போட்டுப் பார்த்தால் சுமார் 12 டிகிரி வரும். இதுதான் லெஸ்லி கோணம்.

ஆல்ஃபா 3 நேர்க்குறியாகிவிட்டால் சமநிலைக் கோணமே கிடையாது. மூலக்கூறு நிலைகொள்ளாமல் உருளும். 8சிபி என்ற இன்னொரு திரவப் படிகம் தன் ஸ்மெக்டிக் நிலையை (மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமையும் நிலை) நெருங்கும்போது அப்படித்தான் செய்யும். முதல் ப்ராஜெக்டுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண்

ஓட்டத்துக்கும் மீள்மைக்கும் உள்ள போட்டியை எரிக்சன் எண் சொல்கிறது: பாகுத்தன்மை × வேகம் × இடைவெளி ÷ மீள்மை மாறிலி. ஒன்றுக்குக் கீழே இருந்தால் சுவர் ஜெயிக்கிறது, பத்தைத் தாண்டினால் ஓட்டம் ஜெயிக்கிறது, நடுவில்தான் வேடிக்கை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பாகுத்தன்மையைப் போடுவது? நெமாட்டிக்குக்கு ஒரு பாகுத்தன்மை கிடையாது. டைரக்டர் ஓட்டத்தோடு இருந்தால் 5சிபிக்குச் சுமார் 0.02 பாஸ்கல் நொடி. ஓட்டத்துக்கும் சரிவுக்கும் இரண்டுக்குமே குறுக்காக இருந்தால் 0.03. சரிவின் திசையில் நிமிர்ந்திருந்தால் 0.1. போலந்தின் மியென்சோவிச் இந்த மூன்று பாகுத்தன்மைகளையும் முதலில் அளந்து பிரித்துக் காட்டினார். அவர் பெயரிலேயே அவை வழங்குகின்றன. ஆக, மூலக்கூறு திரும்பத் திரும்ப அதே திரவம் ஐந்து மடங்கு இளகுகிறது. வேகத்தை அளந்து எரிக்சன் எண் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தப்பிக்க வழி, வேகத்தை விட்டுவிட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது. தட்டையான கால்வாயில் சராசரி வேகம் = அழுத்த வேறுபாடு × இடைவெளியின் வர்க்கம் ÷ (12 × பாகுத்தன்மை × நீளம்). இதை எரிக்சன் எண்ணுக்குள் போட்டால் பாகுத்தன்மை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது:

எரிக்சன் எண் ≈ அழுத்தம் × இடைவெளியின் மும்மடி (கியூப்) ÷ (12 × நீளம் × மீள்மை மாறிலி)

தோராயம்தான், ஓட்டத்தைத் தடுக்கும் பாகுத்தன்மையும் மூலக்கூறைத் திருப்பும் பாகுத்தன்மையும் கச்சிதமாக ஒன்றல்ல. ஆனாலும் இந்தச் சோதனைக்கு இதைவிட நல்ல சூத்திரம் எனக்குத் தெரிந்து இல்லை. சிரிஞ்சு பம்ப் வாங்கப் பணம் இல்லையே என்று கவலைப்படவே தேவையில்லை. தண்ணீர் நிரப்பிய ஒரு குழாயின் உயரம் போதும். 1 செ.மீ. தண்ணீர் என்றால் 98 பாஸ்கல்.

எண்களைப் போடுவோம். இடைவெளி 23 மைக்ரான், கால்வாய் நீளம் 2 செ.மீ., வளைவு மீள்மை மாறிலி 8 பிக்கோ நியூட்டன். ஒவ்வொரு செ.மீ. தண்ணீருக்கும் எரிக்சன் எண் 0.6 வாக்கில் ஏறும். 2 செ.மீ. உயர்த்தினால் ஒன்றைத் தாண்டுகிறோம், 16 செ.மீ.யில் பத்து. ஒரு அடி ஸ்கேல் நீளத்துக்குள் முழுக் கதையும் முடிந்துவிடுகிறது.

இடைவெளி மும்மடியாக வருவதைக் கவனியுங்கள். 23 மைக்ரானுக்குப் பதில் கண்ணாடிகளுக்கு நடுவே 12 மைக்ரான் தாள் வைத்தால் அதே அழுத்தத்தில் எரிக்சன் எண் ஏழில் ஒரு பங்காகிவிடும். இடைவெளியில் 10 சதவீதம் தவறினால் எண்ணில் 30 சதவீதத்துக்கு மேல் தவறு. பாதரச மானோமீட்டர் வேண்டும், துல்லியமான பம்ப் வேண்டும் என்று கேட்பவர்கள் இடைவெளியை அளந்தார்களா என்று முதலில் கேட்பேன்.

படி 1: வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்

5சிபி என்பது இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சயனோபைஃபீனைல். அறை வெப்பநிலையிலேயே நெமாட்டிக்காக இருப்பது அதன் பெருமை. ஆனால் எந்த ஊர் அறை? சுமார் 23 டிகிரிக்கு மேல், 35 டிகிரி வரைதான் அது நெமாட்டிக். 35ஐத் தாண்டினால் வெறும் திரவம்.

வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது வெளியே 40 டிகிரி தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஏசி இல்லாத மாடி லேபில் மதியம் இரண்டு மணிக்கு 5சிபியை எடுத்தால் அது திரவப் படிகமே இல்லை. ஏசி இருந்தாலும் மைக்ராஸ்கோப்பின் ஹாலஜன் விளக்கு மேடையைச் சூடேற்றும். எல்இடி விளக்குக்கு மாற்றுங்கள், மேடையில் செல்லை (இரண்டு ஸ்லைடுகளை ஒட்டி நாம் கட்டப்போகும் கண்ணாடிக் கூடு) ஒட்டி ஒரு சின்னத் தெர்மிஸ்டரை வைத்து அரை டிகிரிக்குள் படித்துக்கொண்டே இருங்கள். 33 டிகிரிக்கு மேல் எடுத்த அளவுகளை நான் ஏற்கமாட்டேன். மாறுநிலையை, அதாவது நெமாட்டிக் வெறும் திரவமாகும் வெப்பநிலையை, நெருங்க நெருங்க மீள்மை மாறிலி, இரட்டை ஒளிவிலகல் (மூலக்கூறின் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம்) எல்லாமே சரசரவென்று இறங்கும். 26 டிகிரிக்கான எண்களை அங்கே போட்டால் கணக்கு உதவாது.

ஏசி கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இ7 என்ற கலவை. அது ஏறக்குறைய 60 டிகிரி வரை நெமாட்டிக்காகவே இருக்கும், வேலூர் வெயில் அதை ஒன்றும் செய்யாது. விலைதான் இடிக்கும். இன்னொன்று எம்பிபிஏ. வேதியியல் துறையின் தயவிருந்தால் மெத்தாக்சி பென்சால்டிஹைடையும் பியூட்டைல் அனிலினையும் சேர்த்து நீங்களே செய்துகொள்ளலாம். 47 டிகிரி வரை தாங்கும். ஆனால் ஈரம் பட்டால் உடைந்து, மாறுநிலை வெப்பநிலை நாளுக்கு நாள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம். பியூட்டைல் அனிலின் நச்சுப் பொருள். கையுறையும் புகைப்போக்கி அலமாரியும் இல்லாமல் தொடவேண்டாம்.

மார்கழிக் காலையில் நேர்மாறான தொந்தரவு. 5சிபி உறைந்து செல்லுக்குள் வெள்ளைப் பூவாக நிற்கும். உள்ளங்கைச் சூட்டில் இளகிவிடும்.

படி 2: சுவருக்கு ஒரு கட்டளை

மூலக்கூறு சுவரில் செங்குத்தாக நிற்க வேண்டுமா, படுத்திருக்க வேண்டுமா என்பதை முடிவு செய்யுங்கள். முதல் சோதனைக்குச் செங்குத்துதான் சிறந்தது. ஓட்டம் இல்லாதபோது பார்வை முழுக் கறுப்பு. மூலக்கூறு கொஞ்சம் சாய்ந்தாலும் வெளிச்சம் கசியும். ஒரு பொய்யும் சொல்லமுடியாது.

செங்குத்துக்கு எளிய வழி லெசித்தின். ஹெக்சேனில் 0.2 சதவீதம் கரைத்து, கழுவி உலர்ந்த ஸ்லைடுகளை முக்கியெடுத்து, செங்குத்தாக வைத்து வடியவிட்டு, தூசி படாமல் உலர்த்த வேண்டும். பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. லெசித்தின் கண்ணாடியோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. மணிக்கணக்கில் ஓட்டம் போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று 5சிபியோடு போய்விடும், கறுப்பு வெளுக்கத் தொடங்கும். ஒரு பிற்பகல் வேலைக்குப் பரவாயில்லை. வாரக்கணக்கில் அளக்கப் போகிறீர்கள் என்றால் டிஎம்ஓஏபி என்ற சிலேன் வேண்டும். தண்ணீரில் 1 சதவீதம் கலந்து முக்கி, நன்றாக அலசி, 110 டிகிரி அடுப்பில் ஒரு மணிநேரம் வைத்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

படுத்திருக்க வைக்க, பாலிவைனைல் ஆல்கஹால் 1 சதவீதக் கரைசலைப் பூசிக் காயவைத்து, வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது.

இரண்டு முறைக்கும் பொதுவானது சுத்தம். சோப்பு, தண்ணீர், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், அடுப்பு. தண்ணீர் கண்ணாடி மேல் துளியாக நிற்காமல் விரிந்து படர்ந்தால்தான் கண்ணாடி சுத்தம். ஊர்த் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட்டால் உப்புப் படிந்து, செல்லில் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

படி 3: கால்வாய் கட்டுதல்

மேல் ஸ்லைடில் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் வேண்டும். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டைமண்ட் பர் இதற்கு அருமையாக வேலை செய்யும். ஸ்லைடைத் தண்ணீருக்குள் வைத்து, அழுத்தாமல் இறக்குங்கள். முதல் சில ஸ்லைடுகள் உடையத்தான் செய்யும். துளை போட்ட பிறகே சுவர்ப் பூச்சு, முன்னால் அல்ல.

23 மைக்ரான் மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் 2 மி.மீ. அகலப் பாதை விட்டு வெட்டி, இரண்டு ஸ்லைடுக்கும் நடுவில் வைத்து, கிளிப்பால் இறுக்கி, ஓரங்களை அரால்டைட் போட்டு அடையுங்கள். ஒருநாள் முழுக்க இறுகவிடுங்கள். அரைகுறையாக இறுகிய பசை 5சிபியில் கரைந்து அதன் மாறுநிலையைக் கெடுக்கும். துளைகளின் மேல் வெட்டிய பிப்பெட் முனைகளை நிற்கவைத்து ஒட்டினால் தொட்டி தயார்.

இப்போது காலிச் செல்லைச் சோடிய விளக்கின் கீழ் பாருங்கள். மஞ்சளும் கறுப்புமாக வரிகள் தெரியும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளியில் 0.29 மைக்ரான் வித்தியாசம். கால்வாய்க்குள் நான்கு வரி ஓடினால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 1.2 மைக்ரான் வித்தியாசம், இடைவெளி ஆப்புபோலச் சாய்ந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் பிரித்து மறுபடி ஒட்டுவதே நல்லது. சராசரி இடைவெளியை அளக்கத் துறையில் உள்ள ஸ்பெக்ட்ரோமீட்டரில் வெள்ளொளி வரிகளை எண்ணலாம். தாள் 23 மைக்ரான் என்று உறையில் போட்டிருப்பதை நம்பி அப்படியே எழுதிவிடாதீர்கள். பசையும் தூசியும் சேர்ந்து ஒட்டிய செல் எப்போதும் கொஞ்சம் தடித்துத்தான் இருக்கும்.

படி 4: நிரப்புதல்

கால்வாயின் கொள்ளளவு ஒரு மைக்ரோலிட்டர்கூட இல்லை. தொட்டிகளுக்கும் சேர்த்து 100 மைக்ரோலிட்டர் தாராளம்.

நெமாட்டிக் நிலையில் நிரப்பினால் நிரப்பிய ஓட்டத்தின் தடம் செல்லில் அப்படியே தங்கிவிடும். அதனால் செல்லையும் 5சிபியையும் 40 டிகிரிக்குச் சூடாக்கி, வெறும் திரவமாக இருக்கும்போது நிரப்பி, பிறகு மெல்ல ஆறவிடுவது வழக்கம். மே மாதத்தில் இந்தப் படிக்கு அடுப்பே வேண்டாம். ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் போதும்!

படி 5: தண்ணீர்க் குழாய்

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள எந்த மெடிக்கல் கடையிலும் டிரிப் செட்டும் மூன்று வழி ஸ்டாப்காக்கும் கிடைக்கும். ஊசி போடும் 20 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஸ்டாண்டில் ஒரு ஸ்கேலோடு சேர்த்துக் கட்டுங்கள். அதிலிருந்து டிரிப் குழாய் ஒரு மூடிய பாட்டிலுக்குப் போகட்டும். பாட்டிலின் காற்று, இன்னொரு குழாய் வழியாக உள்வாயில் பிப்பெட் முனைக்கு. தண்ணீர் 5சிபியைத் தொடவே தொடாது, காற்றுதான் தள்ளும். சிரிஞ்சை உயர்த்தினால் அழுத்தம் கூடும். கணக்கில் எடுக்க வேண்டியது சிரிஞ்சிலும் பாட்டிலிலும் உள்ள நீர்மட்டங்களின் வித்தியாசம், சிரிஞ்சின் உயரம் மட்டும் அல்ல. ஸ்டாப்காக்கைத் திருப்பினால் காற்று வெளியேறி ஓட்டம் சட்டென்று நிற்கும். இந்த நிறுத்தம் பிறகு உதவும். எம்பிபிஏ பயன்படுத்துகிறவர்கள் நடுவில் ஒரு சிலிகா ஜெல் குழாய் வைக்க மறக்கவேண்டாம்.

பூஜ்யத்தைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு முனைகளிலும் திரவப் பரப்பின் வளைவு ஒரே மாதிரி இல்லாவிட்டால் அதுவே அழுத்தம் தரும். 2 மி.மீ. ஆரமுள்ள ஒரு துளி 30 பாஸ்கல் தள்ளும், அதாவது 3 மி.மீ. தண்ணீர். ஸ்டாப்காக்கைப் பாட்டில் பக்கம் திறந்துவிட்டு ஒரு தூசித் துகளை ஐந்து நிமிடம் பாருங்கள். நகர்ந்தால் சிரிஞ்சை ஏற்றியோ இறக்கியோ நிறுத்துங்கள். அதுதான் உங்கள் பூஜ்யம்.

படி 6: பார்வை

பழைய எல்சிடி மானிட்டரின் பேனலில் முன்னும் பின்னும் ஒட்டியிருப்பது போலராய்டு தாள். ரிப்பேர் கடைகளில் உடைந்த பேனலைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். பசையைத் துடைத்து ஒரு துண்டை மேடைக்குக் கீழே, இன்னொன்றை ஐபீஸ் மேலே, இரண்டும் குறுக்காக. செல்லை, ஓட்டத்தின் திசை இரண்டுக்கும் 45 டிகிரியில் இருக்கும்படி வையுங்கள்.

கறுப்பாகத் தெரிகிறதா? அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். செங்குத்து நெமாட்டிக்கும் கறுப்பு, வெயிலில் உருகிய வெறும் திரவமும் கறுப்பு. மேல் கண்ணாடியைத் தீக்குச்சி முனையால் மெல்ல அழுத்துங்கள். நெமாட்டிக் என்றால் அழுத்திய இடத்தைச் சுற்றி வெளிச்சம் பளிச்சிட்டு அணையும். திரவம் என்றால் ஒன்றும் நடக்காது. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் 40 மடங்கு லென்ஸைப் போட்டு, ஐபீஸைக் கழற்றி, மேல் போலராய்டைக் குழலின் வாயிலேயே வைத்து, உள்ளே நேரடியாகப் பாருங்கள். கறுப்புச் சிலுவை நடுவில் நின்றால் மூலக்கூறுகள் செங்குத்து. சிலுவை ஒரு பக்கம் விலகியிருந்தால் பூச்சு சரியில்லை.

படி 7: மெதுவாக உயர்த்துங்கள்

இப்போது சிரிஞ்சை 1 செ.மீ. உயர்த்துங்கள். ஒன்றும் தெரியாது. 2 செ.மீ., லேசான சாம்பல், அதுவும் அறையை இருட்டாக்கினால்தான். பிறகு ஒவ்வொரு செ.மீ.க்கும் நிறம் ஏறும்.

கால்வாயின் கீழ்ப்பாதியில் வேகம் மேல்நோக்கிக் கூடுகிறது, மேல்பாதியில் குறைகிறது. ஆக இரண்டு பாதியிலும் மூலக்கூறுகள் எதிரெதிர்த் திசையில் சாய்கின்றன. சரியாக நடுவில் உள்ளவை நிமிர்ந்தே நிற்கும். இதைத்தான் வில் வளைவு என்றேன். அதிகபட்சச் சாய்வு, குறைந்த ஓட்டத்தில், ஏறக்குறைய 5.5 டிகிரி × எரிக்சன் எண். நிறத்தைத் தீர்மானிக்கும் ஒளிப்பாதை வித்தியாசம் இந்தச் சாய்வின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அழுத்தத்தை இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். 23 மைக்ரான் செல்லுக்கு, இரட்டை ஒளிவிலகல் 0.18 என்று வைத்துப் போட்டால், 4 செ.மீ.யில் சுமார் 120 நானோமீட்டர், சாம்பல். 6 செ.மீ.யில் 270, வெள்ளை. 8 செ.மீ.யில் 480, மஞ்சள் கலந்த ஆரஞ்சு. 9 செ.மீ.யில் 600 தாண்டி நீலம். 8க்கும் 9க்கும் இடையே சிவப்பும் ஊதாவும் வேகமாகக் கடந்துபோகும், அரை செ.மீ.யாக உயர்த்தினால் பிடிக்கலாம்.

நிறத்தை, எந்த நிறத்துக்கு எத்தனை நானோமீட்டர் என்று காட்டும் மிஷேல்-லெவி அட்டவணையோடு ஒப்பிட்டு எண்ணாக்குங்கள். ஃபோன் கேமராவின் தானியங்கி வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் அணைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோன் சாம்பலையும் வெள்ளையாக்கிக் காட்டும். அழுத்தத்தின் வர்க்கத்தை ஒரு அச்சில், ஒளிப்பாதை வித்தியாசத்தை இன்னொன்றில் போட்டால் தொடக்கத்தில் நேர்க்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து மீள்மை மாறிலி கிடைக்கிறது. எரிக்சன் எண் ஐந்தைத் தாண்டியதும் கோடு வளையும். சாய்வு 30 டிகிரியை நெருங்கிவிட்டதால் சிறுகோணத் தோராயம் அங்கே செல்லாது.

ஒவ்வொரு உயரத்திலும் செல்லைச் சுழற்றி, ஓட்டத் திசை ஒரு போலராய்டுக்கு இணையாக வரும்படியும் பாருங்கள். கறுப்பாக வேண்டும். வெளிச்சம் கசிந்தால் மூலக்கூறுகள் ஓட்டத் தளத்தை விட்டுப் பக்கவாட்டில் சாய்கின்றன. தூசியோ காற்றுக் குமிழியோ ஓட்டத்தைத் திருப்பியிருக்கும்.

படி 8: தாவும் இடம்

எரிக்சன் எண் பத்தையும் தாண்டி ஏற்றிக்கொண்டே போங்கள். எங்காவது ஒரு குமிழியின் விளிம்பிலோ உள்வாய் ஓரத்திலோ ஒரு தீவு முளைக்கும். அதற்குள் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையுமாக வேறு நிறம், சுற்றிலும் கூர்மையான கோடு. அந்தத் தீவுக்குள் நடு மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்பதை விட்டுவிட்டு ஓட்டத்தோடு படுத்துவிட்டன. சுவரில் செங்குத்து, நடுவில் கிடை. பக்கவாட்டில் வரைந்தால், நம் வட ஆற்காட்டுப் பக்கம் கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்ப்பவர் கையில் பிடித்திருக்கும் கவைக்குச்சிபோல இருக்கும். பிரான்ஸின் பியரான்ஸ்கி குழுவினரும் இதற்கு நீரோட்டம் பார்ப்பவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வில் வளைவிலிருந்து இதற்கு மெல்ல மெல்ல மாறமுடியாது. இரண்டையும் பிரிக்கும் பிழைக்கோடு (டைரக்டரின் ஒழுங்கு அறுபடும் கோடு) ஒன்று நகர்ந்தே ஆகவேண்டும். அதனால்தான் தீவாக முளைக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் மைக்ரோ கால்வாய்களில் இதே 5சிபியை வைத்து, குறைந்த, நடுத்தர, பலத்த ஓட்டங்களில் டைரக்டர் மூன்று விதமாக அமைவதை 2013இல் வெளியிட்டார்கள். அங்கே கால்வாயின் அகலம் சிறியது, பக்கச் சுவர்களும் பிடிக்கும். நமது 2 மி.மீ. அகலத்தில் பக்கச் சுவரின் செல்வாக்கு ஓரத்தில் சில பத்து மைக்ரானோடு நின்றுவிடும், படம் எளிது.

தீவுக்குள் ஒரு தூசித் துகள் நுழையும்போது உற்றுப் பாருங்கள். வேகம் கூடும். அழுத்தம் மாறவில்லை, இடைவெளி மாறவில்லை; மூலக்கூறு திரும்பியதால் பாகுத்தன்மை இறங்கிவிட்டது. ஓட்டம் மூலக்கூறைத் திருப்புகிறது, திரும்பிய மூலக்கூறு ஓட்டத்தை மாற்றுகிறது. இந்த ஒரு துகளின் வீடியோ, என் கணக்கில், பத்துப் பக்கச் சமன்பாட்டுக்குச் சமம். துகள்களை வேண்டுமென்றே கலக்க நினைப்பவர்கள் மிகக் குறைவாகக் கலக்கவும். ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி டைரக்டரைக் குலைத்துக்கொண்டே போகும்.

ஓட்டத்தை மேலும் கூட்டினால் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு தவிர மற்ற இடமெல்லாம் லெஸ்லி கோணத்துக்குப் போய்விடும். மேல்பாதியில் 12 டிகிரி ஒருபக்கம், கீழ்ப்பாதியில் 12 டிகிரி எதிர்ப்பக்கம். அந்தச் சுவரடுக்கின் தடிமன் எரிக்சன் எண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும்.

படி 9: நிறுத்திப் பாருங்கள்

ஸ்டாப்காக்கைத் திருப்புங்கள். வில் வளைவு ஒரு நொடிக்குள் அணைந்து கறுப்பாகிவிடும். 23 மைக்ரான் செல்லில் அது நொடியில் ஒரு பகுதிதான், ஃபோனின் ஸ்லோ மோஷனில் பிடிக்க வேண்டும். வெளிச்சம் குறையும் வேகத்திலிருந்து சுழற்சிப் பாகுத்தன்மைக்கும் (மூலக்கூறு திரும்புவதைத் தடுக்கும் பாகுத்தன்மை) மீள்மை மாறிலிக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். முந்தைய கோட்டிலிருந்து மீள்மை மாறிலி ஏற்கெனவே கையில் இருப்பதால் இரண்டும் தனித்தனியாக வந்துவிடுகின்றன.

தீவுகள் அப்படி அணையாது. ஓட்டம் நின்ற பிறகும் தங்கி, ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிப் போகும். ஒரு தீவு சுருங்காமலும் வளராமலும் நிற்கும் அழுத்தம் எது என்று தேடிப் பிடியுங்கள். அந்த எண்ணை வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்தால் ப்ராஜெக்டின் நல்ல அத்தியாயம் அதுதான்.

நேரம் மிச்சமிருந்தால்

தேய்த்த சுவரை வைத்து, மூலக்கூறுகள் ஓட்டத்துக்குக் குறுக்கே, கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருக்கும்படி இன்னொரு செல் கட்டலாம். இங்கே குறைந்த ஓட்டம் மூலக்கூறைத் தொடுவதே இல்லை, நிறம் துளியும் மாறாது. ஒரு வரம்பைத் தாண்டியதும் திடீரென்று நிலைகுலையும். 1970களில் பியரான்ஸ்கியும் கியோனும் கண்ட வரம்பு இது. தேய்த்த திசையை ஓட்டத்தோடு வைத்தாலோ பார்க்க அதிகம் இருக்காது, 12 டிகிரிச் சாய்வுக்கு நிறம் கொஞ்சமே நகரும்.

செல்லைக் கழுவ அசிட்டோன் ஊற்றினால் அரால்டைட் இளகும், பூச்சும் போகும். செல்லை அப்படியே மூடி, மேலே இடைவெளியையும் தேதியையும் வெப்பநிலை எல்லையையும் எழுதி, ஏசி அறையில் வையுங்கள். எடுக்கும்போதெல்லாம் முதலில் மாறுநிலை வெப்பநிலையை அளங்கள். ஒரு டிகிரி இறங்கியிருந்தாலும் உள்ளே இருப்பது இப்போது வேறு திரவம் என்று வைத்துக்கொண்டு புதிதாக நிரப்புங்கள்.